எண்ணுகிறவருக்கு ஒரு நிரை: வயது வந்தோரின் ஓட்டிசமும் அவர்க்கு உகந்த சிகிச்சையும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அவிசாவளையைக் கடந்து சிறிது தூரம் சென்றால், இறப்பர் மரங்கள் செறிந்த குன்றுகளின் நடுவே எஹலியகொட என்னும் நகரம் தோன்றுகிறது. அதைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் மரத்தினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருப்பதால், அந்த வேளையில் பட்டையைச் சீவினால்தான் சிரட்டை நிறையும். இத்தகைய தோட்டமொன்றிலே நாற்பது வயதான தொழிலாளி ஒருவரை மனக்கண்ணால் நோக்குவோம். நாளொன்றுக்கு அவர் வெட்டவேண்டிய முந்நூறு மரங்களில் எதற்கு எந்தப் பக்கம் பழைய காயம், எதன் சிரட்டையில் விரிசல் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் அவர் எவரோடும் பேசுவதில்லை. கங்காணி திடீரென்று வேறு மலைக்கு மாற்றினால் கை ஓடாமல் லயத்துக்குத் திரும்பி, காம்பராவின் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு அமர்ந்துவிடுவார். “அவன் ஒரு மாதிரி” என்று லயத்தார் சொல்வர். “சின்னதிலேயே இப்படித்தான்” என்று தாய் சொல்வாள். கயிறு மந்திரித்துக் கட்டியதும், கலியாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று உறவினர் சொன்னதும், அது நடவாமற்போனதும் அந்தக் குடும்பத்தின் பழங்கதைகள்.

இவர் கற்பனை மனிதர். ஆயினும் இவரைப் போன்றவர் எந்த லயத்திலும் இருக்கக்கூடும். இவருடைய சுபாவத்துக்கு வைத்திய சாஸ்திரம் தரும் பெயர் என்ன, அந்தப் பெயரை இந்த வயதில் அறிவதனால் பிரயோஜனம் உண்டா, உண்டெனில் எத்தகைய சிகிச்சையை எங்கே நாடுவது என்னும் மூன்று வினாக்களையும் ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த வழி

ஓட்டிசம் என்னும் சொல்லின் மூலம் ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகும். 1911ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் மனநோய் வைத்தியர் ஒய்கன் புளொய்லர், தம்முள் ஒடுங்கிவிடும் நோயாளரின் நிலையைக் குறிக்க அதை ஆக்கினார். மொஸ்கோவில் பணியாற்றிய கிருன்யா சுகரேவா என்னும் அம்மையார் ஆறு சிறுவரைப் பற்றி எழுதிய ஆய்வு 1926இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்தது. இன்று நாம் ஓட்டிசம் என்று கூறும் இயல்புகளை அது தெளிவாக வருணித்திருந்தும் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமற் கிடந்தது. 1943இல் அமெரிக்காவின் பல்டிமோர் நகரில் லியோ கனர் பதினொரு பிள்ளைகளையும், அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேகர் சில சிறுவரையும் வருணித்த பின்னரே ஓட்டிசம் ஒரு தனி நிலையாக உலகின் கவனத்துக்கு வந்தது. அஸ்பேகர், நாஜி ஆட்சியில் பிள்ளைகள் கொல்லப்பட்ட நிலையமொன்றுக்குச் சிலரை அனுப்பியமை அண்மைய வரலாற்றாய்வில் வெளிப்பட்டதனால், அவர் பெயரால் தம்மை அடையாளப்படுத்த இன்று பலர் விரும்புவதில்லை.

இடையில் ஒரு விபரீதமும் நிகழ்ந்தது. தாயின் அன்புக் குறைவே ஓட்டிசத்துக்குக் காரணம் என்னும் கொள்கை மேல்நாடுகளில் வேரூன்றி, புருனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூலால் மேலும் பரவி, எண்ணற்ற தாய்மாரைக் குற்றவாளிகளாக்கியது. தாமே ஓட்டிசமுள்ள மகனின் தந்தையான பேர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே அதை மறுத்திருந்தார். 1977இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு, பரம்பரைக் காரணங்களின் வலிமையை நிலைநாட்டியது. தடுப்பூசியே காரணம் என்று 1998இல் இங்கிலாந்தில் எழுந்த இன்னொரு பொய்யும், அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அக்கட்டுரையை மீளப்பெற்றதோடு அறிவுலகில் மடிந்தது. வதந்தியுலகில் மட்டும் அது இன்னும் உயிரோடு உலவுகிறது.

லண்டனில் லோர்னா விங், ஜூடித் கோல்ட் ஆகிய இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டிசத்தை இறுக்கமான வரம்புடைய ஓர் அரிய நோயாகக் கருதாமல், ஒன்றோடொன்று கலந்து நீளும் பல நிறங்களின் வரிசையாகக் காணும் பார்வைக்கு வழிவகுத்தது. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் ஐந்தாம் வகைப்பாட்டு நூல் 2013இல் பழைய உட்பிரிவுகளையெல்லாம் நீக்கி அனைத்தையும் ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவந்ததும் இப்பார்வையின் விளைவே.

தமிழிலே தமிழ்நாட்டார் பெரும்பாலும் ஆட்டிசம் என்றும், இலங்கையர் ஓட்டிசம் என்றும் எழுதுகின்றனர். மதியிறுக்கம் என்றொரு மொழிபெயர்ப்பும் வழக்கில் உண்டு. மதி இறுகிவிட்டது என்னும் தவறான எண்ணத்தை அது தோற்றுவிப்பதால், பிறமொழிச் சொல்லேயாயினும் ஓட்டிசம் என்பதே தீங்கற்றது என்பது எம் அபிப்பிராயம். அறிவாற்றல் மிகக் குறைந்தோர், சராசரியானோர், மிக உயர்ந்தோர் ஆகிய மூவகையாரும் இந்நிலையில் உள்ளனர்.

இயல்பும் வயதும்

வகைப்பாட்டு நூல்கள் இருபெரும் இலக்கணங்களைக் கூறுகின்றன. முதலாவது, பிறரோடு பழகுவதிலும் குறிப்பறிந்து உரையாடுவதிலும் காணப்படும் வேறுபாடு. இரண்டாவது, மாறாத ஒழுங்கில் பற்று, சில விஷயங்களில் ஆழ்ந்த ஈடுபாடு, மீண்டும் மீண்டும் செய்யும் அசைவுகள், ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றுக்கு மிகையான அல்லது குறைவான உணர்ச்சி என்பவற்றின் கூட்டம். இவை பிள்ளைப்பருவத்திலேயே தோன்றுபவை. பிள்ளை வளர்ந்ததும் இவை மறைந்துவிடும் என்பது பெரும்பாலும் வீண் நம்பிக்கையே. ஓட்டிசமுள்ள பிள்ளை ஓட்டிசமுள்ள மனிதராக வளர்கிறார், அவ்வளவே.

இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளை ஒரு புறநகர்ப் பகுதியிலே பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்னும் விகிதத்தைக் கண்டது. இங்கிலாந்தில் வீடுவீடாகச் சென்று வயது வந்தோரை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஏறத்தாழ ஆயிரத்துக்குப் பத்துப் பேர் என்று கணக்கிட்டதோடு, அவர்கள் பெரும்பாலும் இனங்காணப்படாமலே வாழ்வதையும் எடுத்துக்காட்டியது. பிள்ளைகளிலும் வயது வந்தோரிலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றாயிருக்க, சிகிச்சை நிலையங்களோ பிள்ளைகளுக்கே திறந்திருக்கின்றன என்பதிலிருந்து, வயது வந்தோர் வேறு பெயர்களின்கீழ் மறைந்திருக்கிறார்கள் என்பது போதரும். முசுடு, கர்வம், பைத்தியம், பேய்க்கோளாறு என்பன அப்பெயர்கள். பெண்களோ பிறர் நடப்பதைப் பார்த்துப் பாவனை செய்து தம்மை மறைத்துக்கொள்வதில் தேர்ந்தவராகையால் இன்னும் பிந்தியே அறியப்படுகின்றனர்.

இம்மறைப்புக்கு விலை உண்டு. புதிதாக இனங்காணப்பட்ட 374 பேரிடையே இங்கிலாந்தில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், 66 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் தமக்கு எப்போதேனும் தோன்றியதாகக் கூறினர். ஓட்டிசம் நேரே இத்துயரைத் தருகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. காரணம் தெரியாமலே ஆண்டுக்கணக்காகத் தோற்றவனாகத் தன்னை எண்ணும் ஒருவனின் களைப்புக்கும் இதில் பங்கு இருக்கக்கூடும். ஆகவே நாற்பது வயதில் கிடைக்கும் பெயருக்குப் பிரயோஜனம் உண்டு: இதுவரை சோம்பல் என்றும் திமிர் என்றும் தனக்குத்தானே படித்துவந்த வாழ்க்கையை, அவர் வேறு பொருளில் மீளப் படிக்கத் தொடங்குகிறார்.

சிகிச்சை என்பது எது

ஓட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. இங்கிலாந்தின் நைஸ் என்னும் வைத்திய வழிகாட்டு நிறுவனம் வயது வந்தோர்க்காக 2012இல் வெளியிட்ட நெறிகள் இதனை ஐயமற உரைக்கின்றன: ஓட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்றுவதற்கென்று மனநோய் மாத்திரைகளோ, விசேஷ பத்திய உணவோ, விற்றமின்களோ, உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றும் மருந்துகளோ கொடுக்கலாகாது. பெற்றோரின் ஆவலைப் பணமாக்கும் வியாபாரம் எங்கும் நடப்பதால் இவ்விதியை உரக்கச் சொல்வது அவசியமாகிறது. மனச்சோர்வு, பதற்றம், நித்திரையின்மை, வலிப்பு ஆகியவை ஓட்டிசத்தோடு அடிக்கடி சேர்ந்துவரும். அவற்றுக்கு உரிய சிகிச்சை உண்டு, அதைப் பெறுவதில் தாமதம் கூடாது.

பதற்றத்துக்கும் சோர்வுக்கும் உலகெங்கும் கையாளப்படும் எண்ண-நடத்தைச் சிகிச்சையை ஓட்டிசமுள்ளோர்க்கு ஏற்ப மாற்றி வழங்கவேண்டும் என்று அதே நெறிகள் கூறுகின்றன. உவமையும் மறைபொருளும் தவிர்த்து நேர்மொழியில் பேசுதல். சொல்வதை எழுதியும் படமாக வரைந்தும் காட்டுதல். மறைந்துள்ள சமூக விதிகளை வெளிப்படையாக விளக்குதல். இடையிடையே ஓய்வு தருதல். அவருக்குப் பிரியமான விஷயத்தையே உரையாடலுக்கு வாயிலாக்குதல். அவர் விரும்பினால் வீட்டார் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளல். இவையே அம்மாற்றங்கள். தம் உணர்ச்சிக்குப் பெயர் கூற இயலாமை ஓட்டிசமுள்ளோர் பலரிடம் காணப்படுவதால், “மனம் எப்படி இருக்கிறது?” என்னும் வினா அவர்களைத் திகைக்கவே வைக்கும். “நேற்று ஸ்டோரில் ரோலர் ஓடியபோது உடம்பில் எங்கே கனத்தது, அதன்பின் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் பதில் வரும்.

நடத்தையைப் பரிசும் பயிற்சியும் கொண்டு மாற்றும் முறைகள் பிள்ளைகளிடையே நீண்டகாலம் கையாளப்பட்டு வந்துள்ளன. அவற்றால் அனுகூலம் பெற்றோம் என்பாரும் உளர். இயல்பை அடக்கிப் பிறர்போல் நடிக்கப் பழக்கியதனால் தமக்குத் தீங்கே விளைந்தது என்று வளர்ந்தபின் சாட்சியம் கூறும் ஓட்டிசமுள்ளோரும் உளர். வயது வந்த ஒருவரின் விஷயத்தில், அவர் தாமே வேண்டாத எந்த மாற்றத்தையும் சிகிச்சையின் இலட்சியமாகக் கொள்ளலாகாது என்பதே நியாயமான முடிவு.

பிரித்தானியாவில் டேமியன் மில்டன் என்னும் ஓட்டிசமுள்ள அறிஞர் 2012இல் முன்வைத்த கருத்து இங்கே பெரிதும் துணைசெய்யும். புரிந்துகொள்ளும் குறை ஒருபுறத்தில் மட்டும் இல்லை. ஓட்டிசமுள்ளவர் மற்றவரை விளங்கிக்கொள்ளத் தடுமாறுவது போலவே மற்றவரும் அவரை விளங்கிக்கொள்ளத் தடுமாறுகின்றனர் என்பது அவர் வாதம். தமிழ் மட்டும் அறிந்தவரும் சிங்களம் மட்டும் அறிந்தவரும் அருகருகே வாழும் சபரகமுவத் தோட்டங்களில் இதை விளக்க வேறு உதாரணம் வேண்டியதில்லை. கடைத்தெருவில் இருவர் விளங்காமல் நிற்கும்போது, குற்றம் ஒருவர் நாவில் மட்டுமே இருக்கிறது என்று கூறுவது எத்துணை அநீதி!

நிரையை எண்ணியவர்

கனரின் பதினொரு பிள்ளைகளில் முதலாமவர் டொனால்ட் ட்ரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபொரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்த அவர், சிறுவயதில் ஒரு நிலையத்தில் விடப்பட்டுப் பின்னர் பெற்றோரால் மீட்கப்பட்டு, சிலகாலம் ஒரு விவசாயத் தம்பதியரின் பண்ணையில் வளர்ந்தார். அவர்களைக் கனர் சென்று கண்டு எழுதியவை இன்றும் சிந்திக்கத்தக்கவை. அளவெடுப்பதில் சிறுவனுக்கு இருந்த பித்தைக் கண்ட அத்தம்பதியர், அவனைக் கிணறு தோண்டவைத்து ஆழத்தைச் சொல்லச் செய்தனர். சோளப்பயிரின் நிரைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருந்தவனிடம் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் செய்தனர். அவர்களுக்கு வைத்தியப் பட்டம் இல்லை. எண்ணுவதை நிறுத்து என்று அவர்கள் சொல்லவில்லை. எண்ணுகிறவனுக்கு ஒரு நிரையைக் கொடுத்தார்கள். அச்சிறுவன் பின்னர்க் கல்லூரியில் பயின்று, சொந்த ஊரின் வங்கியில் பணிபுரிந்து, கொல்ஃப் ஆடி, தனியே உலகைச் சுற்றி, 2023இல் எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார். அவருடைய குடும்பம் வசதியுள்ளது, அவ்வங்கியோடு தொடர்புடையது என்பதையும் மறைக்கலாகாது. செல்வம் வாங்கித்தந்த பொறுமையை ஏழைத் தோட்டத்தில் வேறு வழியால் ஈட்டவேண்டும்.

இன்றைய ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. வேலைக்கு முதலில் அமர்த்தி, வேலையிடத்திலேயே ஒருவர் துணைநின்று பழக்கும் ‘துணையுடன் வேலை’ என்னும் முறையை நைஸ் நெறிகள் பரிந்துரைக்கின்றன. பால்வெட்டு இதற்கு இயல்பாகவே ஏற்றது: ஒரே மரங்கள், ஒரே சரிவில் மெல்லிய சீவல், தனிமை, அமைதி, கண்முன் நிறையும் சிரட்டை. ஆயினும் தோட்டம் தன்னை அறியாமல் தரும் இந்த ஒழுங்கை மழை ஒரே நாளில் கலைத்துவிடும். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலிக்கணக்கில் பேர் விழுமோ விழாதோ என்னும் ஐயம் வேறு.

மறைப்பின் களைப்பையும் இம்மரத்தைக்கொண்டே விளக்கலாம். இறப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே இலங்கையின் வழக்கம். ஓய்வின்றி வெட்டினால் பட்டை வறண்டு, கத்தி வைத்தாலும் பால் வராத நிலை உண்டாகும். அப்போது மரத்தைத் திட்டுவதில் பயனில்லை, வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுக்கவேண்டும். சந்தை, கலியாண வீடு, தப்பு முழங்கும் காமன் கூத்து ஆகியவற்றில் நாள் முழுதும் பிறரைப் போல் நடித்த ஓட்டிசமுள்ளவர் மறுநாள் பேச்சே அற்றுக் கிடப்பது இத்தகைய வறட்சிதான். அவருக்கு ஓய்வுநாளை முன்கூட்டியே ஒதுக்குதலும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எஹலியகொடவில் நின்று பார்க்கும்போது

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம். இலங்கையின் விசேஷ நிலையங்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்குரியவை. கொழும்பு சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலையும், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்து றாகமையில் இயங்கும் அயத்தி நிலையமும் அத்தகையன. வயது வந்தவர் செல்லவேண்டிய இடம் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவே. எஹலியகொடவிலிருந்து அது பஸ் பயணம். ஒருகாலத்தில் களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை இவ்வூர் வழியாக இரத்தினபுரிக்கும் அப்பாலும் சென்றது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1976இல் மூடப்பட்டபின் பஸ்ஸே கதி. நெரிசலும், ஓங்கி ஒலிக்கும் பாட்டும், ஓயாத ஹோர்னும் ஒலிக்கு அஞ்சும் மனிதரை வைத்தியர்முன் நிறுத்துமுன்பே சிதைத்துவிடும் என்பதால், கூட்டம் குறைந்த வேளையைத் தெரிந்து புறப்படுதலும், காதை அடைத்துக்கொள்ளப் பஞ்சு எடுத்துச் செல்லுதலும் அற்பச் சங்கதிகள் அல்ல.

அடுத்த தடை மொழி. பேச்சே கருவியான சிகிச்சையில், நோயாளர் தமிழராகவும் சிகிச்சையாளர் சிங்களம் மட்டும் அறிந்தவராகவும் இருந்தால், தம்பியோ மருமகளோ மொழிபெயர்க்க, அந்தரங்கம் யாவும் வழியிலே வடிந்துவிடும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியல் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அவ்வுரிமை மனநல அறையினுள்ளும் செல்லவேண்டும். தமிழர் ஒருவரே சிகிச்சையாளராக அமைந்தாலும், “மன உளைச்சல் உண்டா?” என்னும் ஏட்டுமொழிக்குப் பதிலாக “தலை பாரமா இருக்கா?” என்னும் லயத்து மொழியை அவர் அறிந்திருத்தல் நலம்.

மேல்நாட்டு அளவுகோல்களை அப்படியே பிரயோகிப்பதிலும் அபாயம் உண்டு. கண்ணை நோக்காமை ஓட்டிசத்தின் ஓர் அறிகுறி என்று படித்த வைத்தியரால், துரைக்கும் டொக்டருக்கும் முன்னே தலைகுனிந்து நிற்பதையே மரியாதையாகப் பல தலைமுறை பழகிய சமூகத்தில் அதைக்கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது. அதைவிடப் பயனுள்ளது பிள்ளைப்பருவ வரலாறு. லயத்து வாழ்வின் ஓர் அனுகூலம் இங்கே வெளிப்படுகிறது: தாய் இல்லையென்றாலும், பிள்ளைக்காம்பராவில் அவரைத் தூக்கி வளர்த்த பெரியம்மாவோ அடுத்த காம்பரா அக்காவோ இருப்பார், பேச்சு எப்போது வந்தது, எதைக் கேட்டு அலறினார், எதை வரிசையாக அடுக்கினார் என்பதை அவர் நேற்று நடந்ததுபோல் கூறுவார். மேற்கூறிய இலங்கை ஆய்வாளர்கள் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று படங்களாலான அளவுகோலொன்றை உருவாக்கியதும், எழுத்தைவிடப் படமும் நினைவும் நம்மவர்க்கு நெருங்கியவை என்பதற்குச் சான்று.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், ஆதாரம் இல்லாமற் போகவில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. இந்தியாவோ 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்திலும் ஓட்டிசத்தைப் பெயர் சொல்லியே சேர்த்தது. இங்கிலாந்து 2009இல் வயது வந்த ஓட்டிசமுள்ளோர்க்கென்றே தனிச்சட்டம் இயற்றியது. நம் நாட்டின் மனநோய்ச் சட்டமோ 1873ஆம் ஆண்டில் வேரூன்றியது. ஆயினும் கிராம சேவகரின் கடிதத்தோடு எஹலியகொடப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை அணுகுதல் எந்தக் குடும்பமும் இன்றே செய்யக்கூடிய காரியம். உயிரை மாய்க்கும் எண்ணம் எவருக்கேனும் தோன்றினால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு.

நல்ல சிகிச்சையாளரை அறிவது எங்ஙனம் என்று வினவுவோர்க்கு ஒரு சிறு உரைகல் கூறலாம். முதற்சந்திப்பில் அவர், “இவரை எப்படிச் சரியாக்குவது?” என்று வீட்டாரிடம் கேட்கிறாரா, “எந்த வேளை உங்களுக்குக் கடினம், எந்த வேளை இலேசு?” என்று அவரிடமே கேட்கிறாரா என்று பாருங்கள். அறையின் விளக்கை அணைக்க இணங்குகிறாரா, அடுத்த சந்திப்பின் நாளையும் நேரத்தையும் எழுதித் தருகிறாரா, மௌனத்தைப் பொறுக்கிறாரா என்றும் பாருங்கள். குணமாக்குவேன் என்று வாக்களிப்பவரிடமிருந்து விலகிவிடுவதே உத்தமம்.

அத்தகைய சிகிச்சையாளர் மாதத்துக்கு ஒருமுறை கிடைத்தாலே பாக்கியம். எஞ்சிய நாட்கள் தோட்டத்தின் பொறுப்பு. “எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?” என்னும் தாயின் கேள்விக்குப் பெரிய நிறுவனங்கள் எழும்வரை காத்திருக்க முடியாது, அவருடைய ஒழுங்கை அறிந்த இரண்டாமவர் ஒருவரை, தாய் இருக்கும்போதே, லயத்தில் உண்டாக்கவேண்டும். கங்காணி செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, அதற்குச் செலவு ஏதும் இல்லை. மேற்கே கருக்கும் மாலையில் அந்தக் காம்பரா வாசலில் நின்று, “நாளைக்கு மழன்னா வெட்டு இல்லண்ணே, நேரா ஸ்டோருக்கு வாங்க, ஷீட் எண்ணி அடுக்கணும்” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிச் சென்றால் போதும். மறுநாள் மழை பெய்யும்போது மூலையில் காதைப் பொத்தியிருக்க வேண்டிய மனிதர், ஸ்டோரில் எண்ணிக்கொண்டிருப்பார்.